துப்பாக்கிக்கு வாய் பார்க்கும் பல்செட் அக்கா

"ஆ காட்டுங்க தாத்தா... இன்னும் கொஞ்சம்... அவ்ளோதான், வலிக்காது."

நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, பல் பார்க்கிற சின்னக் கண்ணாடியைத் துப்பாக்கிக் குழலுக்குள் விட்டு, ஒரு கண்ணை இறுக மூடி மறு கண்ணால் உள்ளே பார்த்தபடி பல்செட் அக்கா இப்படித்தான் பேசுவார். துப்பாக்கி பதில் சொல்லாது. அதைப் பற்றி அவருக்குக் கவலையே கிடையாது. பல்செட்டுக்கு அளவு கொடுக்க வருகிறவர்களும் வாய் நிறைய மெழுகை வைத்துக்கொண்டு பதில் சொல்வதில்லையே.

தொழில் பல்செட் கட்டுவதுதான். ஊரில் இருக்கிற பல் டாக்டர்கள் அளவெடுத்து அனுப்புவார்கள், சில நேரம் ஆளையே அனுப்பிவிடுவார்கள். இவர் மாவில் வார்த்து, தேய்த்து, மெருகேற்றித் திருப்பி அனுப்புவார். அறைக்குள் நுழைந்தால் அலமாரி நிறைய வெள்ளை வெள்ளையாகத் தாடைகள், யாரோ ஒரு கூட்டமே சேர்ந்து சிரிக்கிற மாதிரி. கீழ்த்தட்டில் வேறு ஒரு வரிசை இருக்கும். நீளநீளமாக, மஞ்சள் மெழுகில், விரல் விரலாக. புதிதாக வருகிறவர்கள் மெழுகுவர்த்தி என்று நினைப்பார்கள். எல்லாம் துப்பாக்கிக் குழல்களின் அச்சு. எந்தத் துப்பாக்கி என்ன அளவுக் குண்டு தின்னும் என்று அந்த அச்சை அளந்துதான் அக்கா சொல்லுவார். "வாய் தெரிஞ்சா ஆளத் தெரியும்ப்பா. மனுஷனுக்கும் அதேதான்."

என்னுடைய கடைசல் பட்டறைக்கும் அவருடைய அறைக்கும் நடுவில் ஒற்றைச் சுவர். புதிதாக ஏதாவது கண்டுபிடித்துவிட்டால் மரச்சுத்தியால் அந்தச் சுவரை இடிப்பார். லேத் ஓடுகிற சத்தத்தையும் மீறிக் கேட்கும். போட்டது போட்டபடி ஓட வேண்டும். ஒரு நிமிடம் தாமதித்தால், "ஏன், உங்க இரும்பு ஓடிப் போயிடுமா?" என்று வசவு விழும். வயது அறுபதுக்குப் பக்கம். ஆள் என் தோளுயரம்கூட இல்லை. ஆனால் சந்தோஷம் வந்துவிட்டால் அந்த அறை அவருக்குப் போதாது. மேசையைச் சுற்றிச் சுற்றி நடப்பார், ஸ்டூலைத் தட்டிவிடுவார், கையில் இருப்பதை எங்கே வைத்தோம் என்று தேடுவார். தேடுகிற பொருள் பெரும்பாலும் அவர் நெற்றியிலேயே இருக்கும்.

இந்தப் பைத்தியம் எப்படிப் பிடித்தது என்று கேட்டால் கணவரைக் கை காட்டுவார். கணவர் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். அவருடைய அப்பா போன பிறகு பரணில் ஒரு டிரங்குப் பெட்டி, அதற்குள் எண்ணெய்த் துணியில் சுற்றிய கைத்துப்பாக்கி. வீடே நடுங்கிவிட்டது. யாருக்கும் தெரியாமல் கிணற்றில் போட்டுவிடலாம் என்று பெரியவர்கள் முடிவு செய்தார்கள். மருமகள் மட்டும் மறுத்தார். "யாரு, எங்கேர்ந்து வந்தவருன்னே தெரியாம எப்படிக் கிணத்துல தள்றது?" அதன் வாயில் மெழுகை ஊற்றி அச்செடுத்தார். அச்சைக் கைப்பையில் போட்டுக்கொண்டு, விஷயம் தெரிந்தவர்கள் வீட்டு வாசல் எல்லாம் ஏறி இறங்கினார். கடைசியில் அது ஓட்டப்பந்தயம் ஆரம்பிக்கும்போது சத்தம் போடுகிற துப்பாக்கி என்று தெரிந்தது. மாமனார் விளையாட்டு வாத்தியாராக இருந்தவர். அதைச் சொல்லும்போது இன்றைக்கும் அக்காவுக்குக் கண்ணில் தண்ணீர் வருமளவுக்குச் சிரிப்பு வரும். கணவருக்கு வராது. "எங்கப்பா ஏதோ பெரிய ஆளுன்னு ஒரு வாரம் நெனச்சுக்கிட்டிருந்தேன். அதையும் கெடுத்துட்டா." துப்பாக்கி வருகிற நாளில் அவர் அறைக்குள் வரமாட்டார். வாசலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, "வெடிச்சா சொல்லு, உள்ள வரேன்" என்பார்.

எங்கள் ஊர் ஸ்டேஷன் விதி எளிது. வீட்டில் பழைய துப்பாக்கி கிடைத்தால் சொல்லியாக வேண்டும். தோட்டா போட்டுச் சுடுகிறதென்றால் லைசென்ஸ் வேண்டும், இல்லையென்றால் ஒப்படைக்க வேண்டும். வாய் வழியாக வெடிமருந்தும் குண்டும் இடித்து இறக்கிச் சுடுகிற அந்தக் காலத்துத் துப்பாக்கி என்றால், காலி என்று உறுதியானால், சுவரில் மாட்டிக்கொள்ளலாம். கடைசி முத்திரை ஸ்டேஷனுடையதுதான். ஆனால் முதலில், "அந்தம்மாகிட்ட வாயக் காட்டிட்டு வாங்க" என்று இன்ஸ்பெக்டரே அனுப்பிவிடுவார்.

வருகிறவர்கள் கொண்டுவருவது துப்பாக்கி மட்டுமல்ல, கூடவே ஒரு கதையும் வரும். முக்கால்வாசிப் பேருக்கு ராஜா கையால் கொடுத்தது. மீதிப் பேருக்குப் புலி சுட்டது. "எங்க தாத்தா கடையில பேரம் பேசி வாங்கினாருன்னு இதுவரைக்கும் ஒருத்தர் சொல்லணுமே!" என்று அக்கா என்னிடம் கிசுகிசுப்பார். வந்தவர்களிடம் சிரிக்க மாட்டார். கதையை முழுசாகக் கேட்டுக்கொண்டு, "அப்படியா, அவரையே கேட்டுப் பாத்துடுவோம்" என்று துப்பாக்கியை வாங்குவார். கட்டையையும் குழலையும் பிரித்து, வெளியே தெரியாத அடிப்பக்கத்தில் பட்டறைக்காரன் குத்திய முத்திரையைத் தேடுவார். திருகாணி ஒவ்வொன்றையும் லென்ஸில் பார்ப்பார். கையால் அறுத்த பள்ளமா, மெஷின் அறுத்ததா என்று பார்க்கத்தான் என்னைக் கூப்பிடுவது. பழசு மாதிரி காட்டுவதற்காக ஆசிட் ஊற்றித் துரு ஏற்றியதை மோந்தே சொல்லிவிடுவார். "நெஜத் துரு ஒரு எடத்துல இருக்கும், ஒரு எடத்துல இருக்காது. இது பவுடர் போட்ட மாதிரி ஒரே சீரா இருக்கு பாரு."

தப்பும் நிறையச் சொல்லுவார். அதில்தான் அவருக்கு இரட்டைச் சந்தோஷம். ஒருமுறை ஒரு நீளத் துப்பாக்கியைப் பட்டாளத்துடையது என்று என்னிடம் அடித்துச் சொன்னார். பிரித்துப் பார்த்தால் மூன்று வெவ்வேறு துப்பாக்கிகளைச் சேர்த்து எவனோ ஒட்டியது. சுவர் அதிர்ந்தது. ஓடினேன். "தப்பு! நான் சொன்னது அத்தனையும் தப்புய்யா!" என்று கைதட்டுகிறார்.

சரி, பெயின்ட் கடைத் துப்பாக்கிக்கு வருகிறேன்.

அண்ணன் தங்கை இரண்டு பேரும் சேர்ந்துதான் வந்தார்கள், ஆனால் சேர்ந்து வந்த மாதிரி இல்லை. தங்கை தையல்காரம்மா. போர்வையில் சுற்றிய துப்பாக்கியைக் குழந்தை மாதிரி மார்போடு அணைத்துக்கொண்டு உள்ளே வந்தார். அண்ணன் அப்பாவின் பெயின்ட் கடையை நடத்துகிறவர். வாசற்படியோடு நின்றுவிட்டார்.

போர்வையைப் பிரித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. துப்பாக்கி முழுக்க வெள்ளிப் பெயின்ட், இரும்புக் கேட்டுக்கு அடிப்பது. கட்டை, குழல், விசையை இழுத்தால் அடிக்கிற குதிரை, திருகாணி எதையும் விடவில்லை.

"யாரு இவருக்கு இவ்ளோ மேக்கப் போட்டது?" என்றார் அக்கா.

"அப்பாதாங்க. வருஷா வருஷம் கடையில மிச்சமாகிற பெயின்ட்ட அடிப்பாரு" என்றார் தங்கை. "திருடனுங்கள வெரட்டின துப்பாக்கிங்க இது. நல்ல மழை, இடி. கடைப் பூட்ட ஒடைச்சு நாலு பேரு உள்ள வந்துட்டானுங்க. அப்பா ஒத்த ஆளா நின்னு ரெண்டு தடவ சுட்டாரு. ஓடியே போயிட்டானுங்க."

"சுட்டாராம்" என்றது வாசற்படி. "ரெண்டு குண்டும் எங்க போச்சாம்? கடைச் சுவத்துல ஒரு ஓட்டை கெடையாது. கதவுல கெடையாது. ஒரு டப்பாவுல கெடையாது. ஊரே வந்து தேடிச்சு. எனக்கு ஸ்கூல்ல பேரே ரெட்டக்குண்டு. இன்னைக்கும் கடைக்கு வர்ற பெருசுங்க அப்படித்தான் கூப்பிடுது. எங்கப்பா விட்ட புளுகுக்கு நான் பதில் சொல்லிட்டு நிக்கறேன்."

"அப்பா பொய் சொல்ல மாட்டாருண்ணா."

"நீ சும்மா இரு. அக்கா, இத ஸ்டேஷன்ல குடுத்து அறுத்துப் போடச் சொல்லப் போறேன். இவதான் அழுதுக்கிட்டே இங்க இழுத்துட்டு வந்தா. பாத்துட்டுக் குடுங்க, நான் போகணும்."

 அக்காவின் காது அதற்குள் அடைத்துவிட்டது. எந்தத் துப்பாக்கி வந்தாலும் முத்திரை பார்ப்பதற்கு முன்னால், கதைக்கும் முன்னால் அவர் செய்வது ஒன்றுதான்: நான் கடைந்து கொடுத்த பித்தளைக் கம்பியைக் குழலுக்குள் அடி வரைக்கும் விட்டு, வாய் ஓரத்தில் சாக்பீஸால் கோடு போட்டு, வெளியே எடுத்துக் குழல் மேலே வைத்துப் பார்ப்பது. காலியாக இருந்தால் கம்பியின் முனை பின்பக்கம் குதிரை இருக்கிற இடம் வரைக்கும் வர வேண்டும்.

வரவில்லை. நன்றாகவே குறைந்தது.

மறுபடி விட்டுப் பார்த்தார். மறுபடியும் அதே இடம். அக்கா முகத்தில் ரத்தம் ஏறியது. குழல் வாயை ஆளில்லாத மூலைச் சுவர் பக்கம் திருப்பினார்.

"எல்லாரும் வெளிய! கடைசல்காரரே, நீங்களும்தான்! தாத்தா வயித்துல சாப்பாடு இருக்கு!"

"என்னங்க சொல்றீங்க?" என்றார் தங்கை.

"கெட்டிச்சபடியே இருக்கும்மா. மருந்து, குண்டு, எல்லாம் உள்ள இருக்கு."

தங்கை சுவரைப் பிடித்துக்கொண்டார். அந்தத் துப்பாக்கி தொங்கிய ஹாலில்தான் அண்ணன் தங்கை இருவரும் போலீஸ் திருடன் விளையாடியிருக்கிறார்கள். எடுத்து நெஞ்சுக்கு நேராக வைத்து விசையை இழுத்திருக்கிறார்கள். அண்ணன் முதல்முறையாகப் படியை விட்டு இறங்கி, தங்கை பக்கத்தில் வந்து நின்றார். "குதிரை அசையாதுல்ல... எவ்ளோ இழுத்தும் அசையாதுல்ல" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

"பெயின்ட் ஒட்டிப் பிடிச்சிருக்கு. அதான் நீங்க ரெண்டு பேரும் இன்னைக்கு இங்க நிக்கறீங்க" என்றார் அக்கா. வாசலில் நாற்காலிக்காரர் எழுந்து நாற்காலியைத் தெருவுக்கே எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ஸ்டேஷனுக்குப் போன் போட்டுச் சொன்னார். அங்கிருந்து ஒரு ஏட்டு வந்து பக்கத்தில் நின்றுகொண்டார். குழலில் தண்ணீரை ஊற்றி, மருந்து செத்துச் சேறாகட்டும் என்று பின்கட்டில் மணல் வாளிக்குள் அடிக்கட்டையை ஊன்றி, வாய் வானம் பார்க்க நிறுத்தி வைத்தோம். தண்ணீர் மாற்றி மாற்றி ஊற வைத்து, மறுநாள் காலை எல்லோரும் கூடினோம். நான் பித்தளைக் கம்பி நுனியில் திருகுப் பல் வெட்டிக் கொண்டுபோனேன். அக்கா பக்கவாட்டில் நின்று, கம்பியைத் திருகித் திருகிக் குண்டில் கடிக்க வைத்து, கடவாய்ப் பல்லைப் பிடுங்குகிற மாதிரி அசைத்து இழுத்தார். "வாங்க, வாங்க, வாங்க" என்று கெஞ்சல் வேறு. ஈயக் குண்டு ஒன்று வந்து விழுந்தது. பின்னாலேயே ஒரு கந்தல் துணி. அப்புறம் கறுப்புச் சேறு.

"முடிஞ்சுதா?" என்றார் அண்ணன். "கெட்டிச்சு வெச்சாரு, சுடவே இல்ல. நான் சொன்னதுதான?"

தங்கை தலை குனிந்துகொண்டார். எனக்கும் பாவமாகத்தான் இருந்தது.

அக்கா பழக்கத்தை விடாமல் கம்பியை மறுபடி உள்ளே விட்டு, கோடு போட்டு, வெளியே வைத்துப் பார்த்தார். பார்த்தவர் கத்திய கத்தலில் ஏட்டு தொப்பியைத் தட்டிவிட்டார்.

"இன்னும் இருக்கு! ஒரு வேளைச் சாப்பாடு இல்லய்யா இது, ரெண்டு வேளை!"

இரண்டாவது குண்டு சுலபத்தில் வரவில்லை. நானும் கை கொடுத்தேன். வந்தது. அதே அளவுக் குண்டு, பின்னால் அதே மாதிரிக் கந்தல், அதே கறுப்புச் சேறு. அதற்குப் பிறகு கம்பி அடி வரைக்கும் போனது. அக்கா மேசைக்கு ஓடினார். இரண்டு கந்தலையும் அலசி விரித்தார். கடையில் கை துடைக்கிற துணி. நீலமும் மஞ்சளுமாகப் பெயின்ட் கறை. பல்செட்டில் மேல்வரிசையும் கீழ்வரிசையும் கடிக்கிறதா என்று பார்க்கிற அதே விரல்களால், கிழிந்த ஓரங்களை ஒன்றோடொன்று சேர்த்தார். பிசிறு பிசிறாகப் பொருந்தியது. நீலக் கறை ஒரு துண்டில் ஆரம்பித்து மறு துண்டில் முடிந்தது.

"ஒரே துணி. ஒரே நேரம். ஒண்ணு பின்னாடி ஒண்ணாக் கிழிச்சிருக்காரு" என்றார். ஸ்டூலைத் தட்டிவிட்டார். "கெட்டிச்சவரு ஏன் மறுபடி கெட்டிக்கிறாரு? முதல்ல போட்டது போயிடுச்சுன்னு நெனச்சாத்தான?"

பல் சுரண்டுகிற கத்தியை எடுத்துக் குதிரை மேல் இருந்த பெயின்ட்டைச் சுரண்டத் தொடங்கினார். வெள்ளி போனது. அடியில் கறுப்பு, அதற்கும் அடியில் செங்கல் நிறம், இன்னும் இரண்டு மூன்று. கடைசியில் நல்ல கிளிப்பச்சை. குதிரை விடுபட்டதும் மெல்லத் தூக்கினார். அந்தத் துப்பாக்கியில் பின்னால் ஒரு சின்ன முளை உண்டு. முளை தலையில் கேப்பு என்கிற செப்புத் தொப்பியை மாட்டுவார்கள். குதிரை அடித்தால் கேப்பு வெடித்து, முளையில் இருக்கிற துளை வழியாக நெருப்பு உள்ளே போய் மருந்தைப் பற்ற வைக்க வேண்டும். முளை மேல் அந்தக் கேப்பு இருந்தது, நசுங்கி, கருகி.

"வெடிச்ச கேப்பு! இழுத்திருக்காரு! விசைய இழுத்திருக்காரு!"

கேப்பை ஊசியால் நெம்பி எடுத்தார். லென்ஸை வைத்து முளையின் துளையைப் பார்த்தார். பார்த்துவிட்டு லென்ஸை அண்ணன் கையில் கொடுத்தார். "நீங்க பெயின்ட் கடைக்காரரு. உள்ள என்னன்னு நீங்களே சொல்லுங்க."

அண்ணன் குனிந்து பார்த்தார். நேரம் எடுத்துக்கொண்டார். "பச்ச எனாமல்" என்றார். "தொளைய அடைச்சு நிக்குது."

"கேப்புக்கு மேலயா, அடியிலயா?"

"அடியில."

"அப்போ பச்ச அடிச்சது திருடனுங்க வர்றதுக்கு முன்னாடி. வாங்கினதும் அழகா இருக்கட்டும்னு அடிச்சிருக்காரு மனுஷன்! தொளையும் சேந்து அடைஞ்சு போச்சு. வேற எவன் துப்பாக்கிக்குப் பெயின்ட் அடிப்பான்? இழுத்தாரு, கேப்பு வெடிச்சுது, நெருப்புப் போகல. இடியும் மழையும் வேற. முதல் தடவை சுடற ஆளுக்கு எது எவ்ளோ சத்தம் போடும்னு என்ன தெரியும்? சுட்டாச்சுன்னு மறுபடி கெட்டிச்சாரு, புதுக் கேப்பு மாட்டினாரு. மறுபடி இழுத்தாரு. ரெண்டு தடவ சுட்டேன்னாரு. அவரு வரைக்கும் ரெண்டு தடவ சுட்டாரு!"

தங்கை இரண்டு ஈயக் குண்டுகளையும் எடுத்துக் கைக்குள் மூடிக்கொண்டு அழுதார். அழுகையா சிரிப்பா என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. ஏட்டு தொண்டையைச் செருமிக்கொண்டு, "தோட்டாத் துப்பாக்கி இல்ல, இப்போ காலியும் ஆயிடுச்சு. ஐயாகிட்ட சொல்லிடறேன். வீட்டுல மாட்டறதா அறுக்கறதா, உங்க இஷ்டம்" என்றார்.

எல்லோரும் அண்ணனைப் பார்த்தோம். அப்பா போன பிறகு வீட்டில் அவர் சொல்தான். அவர் மேசை மேல் இருந்த துப்பாக்கியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"வெடிக்கவே இல்லையே" என்றார் மெதுவாக. "குண்டு வெளியவே வரல. டப்புனு ஒரு சத்தம். அதுக்கு நாலு தடியனுங்க ஏன் ஓடணும்? அது மட்டும் எனக்குப் புரியட்டும். இவ வீட்டுலயே மாட்டிக்கட்டும். நானே வந்து ஆணி அடிச்சுத் தரேன்."

இதற்கு எந்த லென்ஸிலும் பதில் கிடையாது. இதோடு ஆட்டம் முடிந்தது என்றுதான் நான் நினைத்தேன். அக்கா சுற்றும் முற்றும் பார்த்தார். கதவு மூலையில் கணவரின் கறுப்புக் குடை. அதை எடுத்துக்கொண்டு மேசைக்குப் பின்னால் போய் நின்றார்.

"இது உங்க கடைக் கல்லா. அங்க போய் நில்லுங்க, வாசல்ல. பூட்ட ஒடைச்சுட்டு உள்ள வந்திருக்கீங்க."

அண்ணன் போய் நின்றார். வேண்டா வெறுப்பாகத்தான்.

அக்கா குடையைத் தோளில் வைத்துக் குறி பார்த்தார். "டப்." ஒன்றும் ஆகவில்லை. குடையை இறக்கினார். ஓடவில்லை, ஒளியவில்லை. இல்லாத மருந்தை எடுத்துக் குடை நுனியில் கொட்டினார். இல்லாத துணியைப் பல்லால் கடித்துக் கிழித்தார். இல்லாத குண்டை வைத்து, இல்லாத கம்பியால் இடித்தார், ஒரு தரம், இன்னொரு தரம், நிதானமாக. கை கீழே வேலை செய்துகொண்டிருந்தது. கண் மட்டும் அண்ணன் முகத்தை விட்டு நகரவேயில்லை. நெற்றி விளக்கு அவர் மேல் நேராக விழுந்தது.  குடை மெல்ல மறுபடி தோளுக்கு ஏறியது.

அண்ணனின் வலது கால் ஒரு அடி பின்னால் போனது. போன காலை அவர் குனிந்து பார்த்தார்.